ஆடி மழையிலும் ஓடவேண்டும்: கிளைச்சாலை ஊருக்கு எந்த வண்டி?

பர்மாவில் ரங்கூனிலிருந்து மோல்மேன் போகும் நெடுஞ்சாலையில் பெகுவைத் தாண்டினால் வாவ், சிட்டாங் பாலம், சைட்டோ, தட்டோன் என்று வழி நெடுகக் கிளைச்சாலைகள் பிரிகின்றன. ஆறு மைல், எட்டு மைல் உள்ளே போனால் வயலும் வெற்றிலைத் தோட்டமுமாக ஊர்கள். அவற்றில் தமிழர் குடியிருக்கும் ஊர்களும் உண்டு. அங்கே ஊர்க்கூட்டம் கூடினால் இப்போது அடிக்கடி எழும் பேச்சு இது: டீசல் விலை இப்படிப் போகிறது, முறை வைத்து ஆள் ஏற்றும் லைன் கார்க்காரர் ஆள் நிறைந்தால்தான் எடுக்கிறார், ஊருக்கென்று ஒரு வண்டி வாங்கினால் என்ன? ஒருவர் பிக்கப் என்பார், இன்னொருவர் சோலாரில் ஓடும் மூன்று சக்கர மின்வண்டி என்பார், தீமிதிக் கூட்டத்தை மனதில் வைத்து மூன்றாமவர் பஸ் என்பார்.

வண்டியின் பெயரிலிருந்து பேச்சைத் தொடங்குவதுதான் முதல் தவறு. ஆடி மாதம், விடாத மழை, காலை ஐந்தரை மணி. ஊரில் ஏழே பேர் நிற்கிறார்கள். அந்த நடை போகுமா, போகாதா? இதற்குப் பதில் தரும் ஏற்பாட்டைத்தான் வாங்கவேண்டும். சித்திரை வெயிலில் எல்லா வண்டியும் நன்றாகத்தான் ஓடும்.

கணக்குக்கு ஒரு மாதிரி ஊரை வைத்துக்கொள்வோம். 250 வீடு. நெடுஞ்சாலைச் சந்திக்கு 8 மைல். ஊர்ப்பக்கம் 5 மைல் செம்பாறைக் கல் போட்ட சாலை, மீதி 3 மைல் தார். சந்தியில் சந்தை, உயர்நிலைப் பள்ளி, ஆஸ்பத்திரி, ரங்கூன் பஸ் நிற்கும் கேட். காலையில் பள்ளிப்பிள்ளைகளும் வெற்றிலைக் கூடைக்காரர்களும், பகலில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும், மாலையில் எல்லோரும் திரும்பி வருவதும். மாசி, பங்குனியில் உளுந்து மூட்டை ஏறும். மழை வைகாசியில் தொடங்கி ஐப்பசி வரை. மோல்மேன் பக்கம் ஆண்டுக்கு 190 அங்குலத்துக்கு அருகில் பெய்கிறது. ரங்கூனிலேயே 100 அங்குலத்தைத் தாண்டும். பள்ளி திறப்பதும் ஜூனில், சாலை குழைவதும் ஜூனில்.

பிக்கப்

லைன் கார் என்றால் நமக்கு ஹைலக்ஸ்தான். பின்னால் நீளவாக்கில் இரண்டு பலகை, மேலே தார்ப்பாய், கூரையில் கம்பித் தட்டு, ஏறும் இடத்தில் இரும்புப் படி. படியில் நின்றுகொண்டு ஸ்பேர் (நடத்துநர்) பக்கத்தகட்டை இரண்டு தட்டு தட்டினால் வண்டி கிளம்பும். பலகைக்கு ஆறு பேர், முன்னால் இரண்டு, ஆக 14 பேர் ஒழுங்காக உட்காரலாம். 14 பேரும் 200 கிலோ சரக்கும் என்றால் ஏறத்தாழ ஒரு டன்; அந்த வண்டிக்கு அதுதான் எல்லை. கூரையிலும் படியிலும் இன்னும் எட்டுப் பேரை ஏற்றும்போது முதலில் போவது பின்பக்க இலைவில். பெரும்பாலும் நடுபோல்ட் துளையை ஒட்டித் தாய்த்தகடு (வில்லின் நீளத் தகடு) விரிசல் விடும். பலர் இதற்கு மருந்தாக இன்னும் இரண்டு தகடு சேர்க்கிறார்கள். வில் உடைவது நிற்கும், அடி முழுவதும் சட்டத்துக்கும் அச்சுக்கும் போகும்; வெறும் வண்டியாக ஓடும்போது பயணிகளின் முதுகெலும்புக்கும் போகும்.

செம்பாறைச் சாலையில் பாரத்தோடு காலனுக்கு 21 மைல் கிடைத்தால் நல்ல வண்டி. நாளுக்கு மூன்று முறை போய்வந்தால் 48 மைல், 2.3 காலன், அதாவது பத்தரை லிட்டர் டீசல். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் 2.7 கிலோ கரியமில வாயு; ஒரு வழி நடைக்கு 4.7 கிலோ. அதே 8 மைலைத் தனி மோட்டார் சைக்கிளில் ஒருவர் போனால் 0.66 கிலோ. வகுத்துப் பாருங்கள்: பிக்கப்பில் ஏழு பேருக்குக் குறைவாக இருந்தால், அவர்கள் ஆளுக்கொரு மோட்டார் சைக்கிளில் போவதே புகை குறைவு. 14 பேர் ஏறினால் பிக்கப் பாதிப் புகையோடு முடிக்கிறது. பொது வண்டி என்ற பெயர் மட்டும் சுற்றுச்சூழலைக் காப்பாற்றாது. இருக்கை நிறைய வேண்டும். ஆள் நிறைந்தால்தான் எடுப்பேன் என்று லைன்காரர் சொல்வதில் அவருக்குத் தெரியாமலே இந்த நியாயமும் இருக்கிறது. ஆனால் அவர் காக்க வைக்கும் ஒரு மணி நேரத்தில் பிள்ளையின் முதல் பாடம் போய்விடுகிறது, அடுத்த ஆண்டு அந்த வீட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்துவிடுகிறது, லைனுக்கு ஆள் இன்னும் குறைகிறது.

எந்த ஹைலக்ஸ் என்பதும் முக்கியம். பழைய 3எல், 5எல் என்ஜின்களில் பம்பு முழுக்க இயந்திர வகை. சாலையோரப் பீப்பாய் டீசலையும் ஓரளவு தாங்கும். 1கேடி போன்ற புதிய காமன் ரெயில் என்ஜின் எரிபொருளில் சிக்கனம், ஆனால் டீசலில் தண்ணீர் கலந்தால் இன்ஜெக்டர் நான்கும் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். அதைச் சோதிக்கும் கருவி மேசை ஊர்ப்பட்டறையில் இருக்காது. மழைக்காலத்தில் பீப்பாய் டீசலில் தண்ணீர் இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். எந்த என்ஜினாக இருந்தாலும் ஃபில்டருக்கு அடியிலுள்ள திருகை வாரம் ஒருமுறை தளர்த்தி, கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பார்க்கவேண்டும். அடியில் தண்ணீர் தனியாக நிற்கும். சுத்த டீசல் வரும்வரை விடவேண்டும். இரண்டு நிமிட வேலை, அதைச் செய்யாமல்தான் பம்பு துருப்பிடிக்கிறது.

மின் மூன்று சக்கரம்

2022 நவம்பரில் மின்வண்டிகளுக்கு இறக்குமதி வரி நீக்கப்பட்ட பிறகு இந்தப் பேச்சு சூடு பிடித்தது. டீசலுக்கு வரிசையில் நிற்கவேண்டாம், புகை இல்லை, ஊரிலேயே சார்ஜ் ஏற்றலாம் என்பதெல்லாம் உண்மை. விற்பவர் சொல்லும் தூரம் மட்டும் உண்மையில்லை. அது தார்ச்சாலையில், தனி ஆளாக ஓட்டிப் பார்த்த தூரம்.

ஐந்து பயணிகளோடு கல் சாலையில் ஒரு கிலோமீட்டருக்கு 75 வாட் மணி என்று வைத்தால் ஏமாற்றம் இருக்காது. போய்வர 16 மைல், 26 கிலோமீட்டர். இப்படிப் போய்வரும் ஒரு நடைக்கு 1.9 யூனிட். வண்டியோடு வருவது பெரும்பாலும் நான்கு 12 வோல்ட் 100 ஆம்பியர் ஈயப் பேட்டரி. ஏட்டில் 4.8 யூனிட். பாரம் இழுக்கும் வேகத்தில் அதில் முக்கால்வாசிதான் வெளியே வரும். பாதிக்கு மேல் வடித்தால் ஓராண்டில் பேட்டரி உப்பிப்போகும். ஆக, நம்பி ஓட்டக்கூடியது ஒரே நடை. போதாததற்கு நான்கும் சேர்ந்து 120 கிலோ, இரண்டு பயணிகளின் எடை. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி 51 வோல்ட் 100 ஆம்பியர் என்றால் 45 கிலோவை ஒட்டி இருக்கும், 5.1 யூனிட்டில் 4.2 யூனிட் தயங்காமல் எடுக்கலாம், இரண்டு நடை போகும். விலை அதிகம்தான். ஆனால் 2,000 முறைக்கு மேல் ஏற்றி இறக்கலாம், ஈயத்தில் 300, 400 முறையோடு கதை முடியும். ஈயப் பேட்டரி வண்டியை மலிவு என்று வாங்கும் ஊர் இரண்டாவது ஆண்டில் அதே விலையை மறுபடி கொடுக்கிறது.

ஏமாறாமல் வாங்க நம் ஊர்த் தராசே போதும். உண்மையான 12 வோல்ட் 100 ஆம்பியர் ஈயப் பேட்டரி 17, 18 வீசை (பர்மா வீசை 1.63 கிலோ) நிற்கும். 12 வீசைதான் காட்டுகிறது என்றால் உள்ளே ஈயம் குறைவு. மேலே ஒட்டிய தாளில் என்ன எழுதியிருந்தாலும் சரி. லித்தியத்தை எடை காட்டிக்கொடுக்காது. முழுக்க ஏற்றி, இன்வெர்ட்டர் வழியாக 500 வாட் சுமை போட்டு, கடிகாரம் பார்க்கவேண்டும். ஒன்பது மணி நேரத்துக்கு அருகில் வந்தால் சொன்ன அளவு இருக்கிறது. ஆறு மணியில் அணைந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சாலையில் இதற்கு ஒரு தனித் தொல்லை உண்டு. ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். பிக்கப்புகள் ஓடிய சாலையில் இரண்டு பள்ளத்தடம், நடுவே புல் முளைத்த மேடு. மூன்று சக்கரத்தின் முன்சக்கரம் அந்த மேட்டின் மேல் போகும். பின்சக்கரங்கள் பிக்கப்பின் அகலத்துக்கு எட்டாது, ஒன்று தடத்துக்குள், ஒன்று சரிவில். வண்டி எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்தே ஓடும், மழையில் மேடு வழுக்கினால் கைப்பிடியைப் பிடுங்கிக்கொண்டு போகும். கவிழும் வண்டிகள் பெரும்பாலும் வேகத்தால் கவிழ்வதில்லை, இப்படித்தான். அடுத்தது தண்ணீர். மோட்டார் பின்னச்சில் தரையிலிருந்து சாணளவு உயரத்தில் தொங்குகிறது; வாய்க்கால் வழியும் இடத்தில் முழங்கால் தண்ணீர் என்றால் போகக்கூடாது. கன்ட்ரோலர் பெட்டியை ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் உயர்த்தி வைத்து, இணைப்பு முனைகளில் கிரீஸ் நிரப்பி, பெட்டியின் அடியில் தண்ணீர் வடிய ஒரு சின்னத் துளையும் போட்டால் மழைக்காலம் தாண்டும். துளை இல்லாமல் முழுக்க அடைத்தவர்கள், உள்ளே வியர்த்த நீரிலேயே கன்ட்ரோலரை எரித்துக்கொள்கிறார்கள்.

சார்ஜ் எப்படி? மீட்டர் கரண்டு முறை வைத்து வருகிறது. நடுநிசியில் வரும், விடியுமுன் போகும். வந்தாலும் 160, 170 வோல்ட். அந்த அழுத்தத்தில் சாதாரண சார்ஜர் தொடங்காது, தொடங்கினால் சூடேறி வேகும். சேஃப்கார்டு (மின்னழுத்தக் காப்புக் கருவி) இல்லாமல் மாட்டவே கூடாது. யாரும் விழித்திராத நேரத்தில் மர வீட்டுக்குள் லித்தியம் ஏற்றவும் கூடாது. தனியாக ஒரு தகரக் கொட்டகை வேண்டும்.

சோலார் என்றால் 550 வாட் தகடு ஆறு, மொத்தம் 3.3 கிலோவாட். நம் அட்சரேகைக்குத் தெற்கு பார்த்து 15 முதல் 17 பாகை சாய்த்தால் போதும். கோடையில் நாளுக்கு 13 யூனிட் எதிர்பார்க்கலாம். மூன்று வண்டி தலா இரண்டு நடை ஓட, சார்ஜ் இழப்பும் சேர்த்து, அதே 13 யூனிட்தான் தேவை. ஆடியில் 7 யூனிட் வந்தால் அதிர்ஷ்டம். அப்போது பாதி நடைதான் ஓடும், அதுவும் பிள்ளைகள் பள்ளி போகும் மாதத்தில். தகட்டை இரட்டிப்பாக்கினால் மழைக்குச் சரியாகும், ஆனால் முதலீடும் அப்படியே ஏறும். கோடையில் மிஞ்சும் மின்சாரத்தில் தண்ணீர்ப் பம்பு ஓட்ட வழி இருந்தால்தான் அது கட்டுபடியாகும்.

மற்றவை

பழைய ஜப்பான் மினிபஸ்: வேண்டாம். 1970-இல் நாடு வலப்பக்கம் ஓட்டத்துக்கு மாறியது; ஜப்பான் வண்டியின் கதவு இடப்பக்கம். நிறுத்தி இறக்கினால் பிள்ளைகள் நடுச்சாலையில் இறங்குவார்கள். பிக்கப்பில் பின்வழி ஏற்றம் என்பதால் அந்த ஆபத்து இல்லை. கதவை மாற்றிக் கட்டினாலும் 25 இருக்கையைத் தினமும் நிரப்ப ஊரில் ஆள் இல்லை, சிறுபாலங்களும் அந்தப் பாரத்துக்குக் கட்டியவை இல்லை. தீமிதிக்கும் தைப்பூசத்துக்கும் பஸ் வேண்டுமென்றால் அந்த நாளுக்கு வாடகைக்கு எடுங்கள். ஆண்டில் மூன்று நாள் கூட்டத்தை வைத்து 362 நாள் வண்டியைத் தேர்ந்தெடுக்கும் ஊர் கடனில்தான் நிற்கும்.

தோலாஜி (கைட்ராக்டரில் இழுவைப் பெட்டி பூட்டிய வண்டி) எந்தச் சேற்றிலும் போகும், எந்தக் கொல்லனும் பழுது பார்ப்பான். மணிக்கு 10 மைல், பிரேக் பெயருக்கு, பின்னால் வில் இருந்தும் இல்லாத மாதிரி. உளுந்து மூட்டைக்கும் உரத்துக்கும் அதுவே சரி. கர்ப்பிணியை அதில் ஏற்றி 5 மைல் கல் சாலையில் அனுப்புவது கொடுமை.

ரயில்: பெகு–மொட்டமா பாதையை ஒட்டிய ஊர்களுக்கு மட்டும் பொருந்தும். 2008-இல் தன்லுவின் (சல்வீன்) ஆற்றுப் பாலத்தில் ரயில் ஓடத் தொடங்கிய பிறகு மொட்டமாவில் இறங்கிப் படகு பிடிக்காமலே மோல்மேன் போகலாம். கட்டணம் குறைவு, கூடைகளோடு ஏறலாம். ஆனால் பள்ளி மணிக்கும் ஆஸ்பத்திரிச் சீட்டுக்கும் ரயில் நேரத்தை நம்ப முடியாது. நெடும்பயணத்துக்குத் துணை என்று வைத்துக்கொள்ளலாம்.

எதை எடுப்பது

எங்கள் தீர்ப்பு, மாதிரி ஊரின் கணக்கில்: காலையும் மாலையும் நேரம் குறித்த நடைக்குப் பழைய என்ஜின் பிக்கப் ஒன்று, பகல் நேரச் சிறு கூட்டத்துக்கு லித்தியம் போட்ட மின் மூன்று சக்கரம் ஒன்று. பகல் பத்து மணிக்கு மூன்று பேருக்காகப் பிக்கப்பை ஓட்டுவதுதான் இந்த முழு ஏற்பாட்டிலேயே அதிகப் புகை. அந்த நடையை மின்வண்டிக்குக் கொடுத்தாலே பெரும்பகுதி சேமிப்பு வந்துவிடும். 8 மைலும் தார் என்றால் கணக்கு தலைகீழ்: மின்வண்டிகளே போதும், பிக்கப் அவசரத்துக்கு.

பிக்கப்பை ஊர் வாங்கத்தான் வேண்டுமா? அவசியமில்லை. கேட்டில், அதாவது லைன்காரர்களின் முறைவரிசையில், சேராத வண்டி ஆள் ஏற்றினால் லைன்காரரோடு சண்டைதான் மிஞ்சும். ஏற்கெனவே முறை வைத்து ஓடும் ஒருவரிடம் இரண்டு நடையை மட்டும் நேரம் குறித்து ஒப்பந்தம் பேசுவது மலிவு. அவருக்கு வேண்டியது ஒன்றே: ஆள் குறைந்தாலும் நட்டமில்லை என்ற உறுதி.

கியாட்டில் தொகை எழுதாதீர்கள். மூன்று மாதத்தில் அர்த்தம் இழக்கும். டீசலில் எழுதுங்கள். ஒரு வழி நடைக்கு 1.75 லிட்டர் டீசல். டயர், ஆயில், பழுது, ஓட்டுநர், ஸ்பேர் கூலி எல்லாவற்றுக்கும் இன்னொரு 1.75 லிட்டரின் விலை. ஆக ஒரு வழி நடைக்கு 3.5 லிட்டர் விலை வரவேண்டும். பத்துப் பேரில் நட்டம் தீர வேண்டுமென்றால் ஆள் கட்டணம் 0.35 லிட்டர் டீசலின் விலை. 108 ராத்தல் அரிசி மூட்டை ஒன்றுக்கு ஓர் ஆள் கட்டணம். ஏழு பேர்தான் வந்தார்கள் என்றால் மூன்று பேர் கட்டணத்தை ஊர்ப் பொதுநிதி கொடுக்கும்; பன்னிரண்டுக்கு மேல் ஏறினால் மிகுதியில் பாதி நிதிக்குத் திரும்பும். டீசல் விலை மாறினால், திங்கட்கிழமை காலை விலையை அந்த வாரம் முழுவதற்கும் வைத்துக்கொள்வது. தினமும் மாற்றினால் படியில் நின்று ஸ்பேரோடு வாக்குவாதம்தான்.

நிதி எங்கிருந்து? கோயில் நிர்வாகக் குழு ஈடு நிற்கலாம், ஆனால் பணம் தனிக் கணக்கில் இருக்கவேண்டும். திருவிழாச் செலவும் வண்டிப் பணமும் கலந்த இடத்தில் இரண்டுமே பாழாகும். அதோடு ஊரில் பர்மியர், மோன், கரேன் குடும்பங்களும் அதே வண்டியில்தான் போகிறார்கள். குழுவில் அவர்கள் பக்கத்து ஆள் ஒருவர் இல்லையென்றால் முதல் விலையேற்றத்திலேயே இது தமிழர் வண்டி என்ற பேச்சு கிளம்பும்.

இவ்வளவுக்கும் முன்னால் ஒரு செலவு இருக்கிறது. 5 மைல் கல் சாலையில் வண்டியை நிறுத்துவது 5 மைலும் இல்லை. வாய்க்கால் ஓரத்துத் தாழ்ந்த 500 அடிதான். அதை 10 அடி அகலத்தில் அரையடி உயர்த்த 2,500 கன அடி, அதாவது 25 கியின் செம்பாறைக் கல். இடித்து இறுக்கும்போது குறைவதற்கும் சேர்த்து 32 கியின் சொல்லுங்கள். நடு உயர்ந்து இருபுறம் சரியவேண்டும், 10 அடி அகலத்துக்கு நடுவில் மூன்று அங்குல உயரம். பக்கவாய்க்கால் இல்லாமல் உயர்த்தினால் ஒரே மழையில் கரை கரைந்துவிடும். பள்ளத்தடத்தில் உடைந்த செங்கல் கொட்டுவது எல்லோரும் செய்வது; அது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு பக்கத்து மண்ணையும் குழைக்கும். சித்திரைக் கடைசியில், முதல் தூறல் விழுந்து மண் ஈரமாக இருக்கும்போது இடித்தால்தான் இறுகும். காய்ந்த மண்ணில் இடித்தது தூசியாக எழும், சேற்றில் இடித்தது நழுவும்.

ஒப்பந்தம் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். புறப்படும் நேரம், எத்தனை நிமிடம் காத்திருப்பது (ஐந்து போதும்), வண்டி பழுதானால் மாற்று வண்டி எந்த நடையிலிருந்து, கூரையிலும் படியிலும் பள்ளிப்பிள்ளைகளை ஏற்றுவதில்லை, நோயாளி முன் இருக்கையில். ஆள் எண்ணும் நோட்டை ஓட்டுநரிடமும் கொடுக்காமல், குழுவிடமும் கொடுக்காமல் சந்தியில் உள்ள தேநீர்க் கடையில் வையுங்கள். வண்டி வந்து நிற்கும்போது இறங்குகிற தலையைக் கடைக்காரர் எண்ணி, நேரத்தோடு எழுதிவிடுவார். வைகாசியில் தொடங்கி ஆடி முடிய அந்த நோட்டு நிரம்பட்டும்; பகல் நடையில் எத்தனை பேர் என்ற கட்டத்தைப் பார்த்துவிட்டு மின்வண்டிக்கு முன்பணம் கொடுக்கலாம்.